பைக் கிளப்புக்கு இணையதளமும் சட்டையும்: கோவை வடிவமைப்பு நிறுவனம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

சின்னம், தையல் பேட்ச், டி-சட்டை, ஸ்டிக்கர், இணையதளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து தருகிறோம் என்று சொல்லும் சிறு வடிவமைப்பு நிறுவனங்கள் கோயம்புத்தூரில் இப்போது நிறையவே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப்பின் வேலை முழுவதையும் ஒப்படைத்து, சட்டைகள் பலமுறை வெளுப்புக்குப் போய், இணையதளம் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடைக்காலத்தையும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அளவில் இயங்கும் வேறு நிறுவனத்திடம் போகிறவர்களுக்கும் இதில் உள்ள பெரும்பாலானவை பொருந்தும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: துணி சம்பந்தப்பட்ட வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள், இணையதளத்தைப் பொறுத்தவரை கண்ணுக்கு அழகாகச் செய்கிறார்கள், ஆனால் வண்டியோட்டி அதை எங்கே, எந்த நிலையில் திறந்து பார்ப்பான் என்பதை நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் கிளப்பில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இருப்பது புல்லட். மற்றவர்களிடம் யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100, புதிய கே.டி.எம்., அன்றாடம் அலுவலகத்துக்கு ஓடும் ஸ்பிளெண்டர் என்று எல்லாமே உண்டு. சின்னத்தில் புல்லட்டின் டேங்க்கையும் அதிலுள்ள எழுத்தையும் அப்படியே வைத்துவிட வேண்டும் என்று உறுப்பினர்களில் ஒரு சாரார் வற்புறுத்தினார்கள். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் வண்டி, அதன் மீது நமக்கு உரிமை இல்லையா என்பது அவர்களுடைய வாதம். முதல் சந்திப்பிலேயே நிறுவனத்தார் இதை மறுத்தார்கள். வண்டியை ஓட்டுவதும் அதைப் பற்றி எழுதுவதும் வேறு, அதைத் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் சட்டையில் அச்சிட்டுக் காசுக்கு விற்பது வேறு என்பதையும், 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் ஆடைகளுக்கென்று 25 என்ற தனி வகுப்பே இருப்பதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். வாடிக்கையாளர் கேட்டதை வாயைத் திறக்காமல் போட்டுக் கொடுத்துக் காசு வாங்கும் அச்சகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மறுப்பே பெரிய விஷயமாகத் தெரியும்.

அவர்கள் வரைந்து தந்த முதல் பேட்ச் மாதிரி மட்டும் இந்தக் கவனத்துக்கு நேர்மாறாக இருந்தது. மேலே வளைந்த பட்டையில் கிளப்பின் பெயர், நடுவில் சின்னம், கீழே வளைந்த பட்டையில் ஊர், பக்கத்தில் மோட்டார் சைக்கிள் கிளப் என்பதன் சுருக்கமான ‘எம்.சி.’ என்று ஒரு சிறு கட்டம். அமெரிக்க மோட்டார் சைக்கிள் கிளப்புகளின் உலகில் இந்த மூன்று துண்டு அமைப்பை அலங்காரமாக யாரும் பார்ப்பதில்லை. இன்ன பகுதி எங்களுடையது என்ற உரிமைக் கோரிக்கையாகவும், பலகாலம் காத்திருந்து பெறும் முழு உறுப்பினர் தகுதியின் அடையாளமாகவும் அதைக் கருதுகிறார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் போன்ற கிளப்புகள் தங்கள் சின்னத்தை எவ்வளவு தீவிரமாகக் காக்கின்றன என்பதற்கு, சிறகு முளைத்த மண்டையோட்டுச் சின்னத்துக்காக அலெக்ஸாண்டர் மெக்வீன் என்ற ஆடை நிறுவனத்தின் மீதே 2010-இல் அவர்கள் வழக்குத் தொடுத்தது ஒன்றே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, ஆழியாறில் இட்லி சாப்பிட்டுவிட்டு வால்பாறை ஏறி, இருட்டுவதற்குள் வீடு திரும்பும் எங்களுக்கு அந்தக் கோலம் எதற்கு? இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வார்ப்பு ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒரே துண்டாக, வட்ட வடிவில் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வட்டத்துக்கு மாறியதில் இன்னொரு வசதியும் கிடைத்தது. பேட்ச்சின் விளிம்பில் தடித்த நூலால் சுற்றிப் போடும் மெரோ தையல், வட்டம் நீள்வட்டம் போன்ற எளிய வடிவங்களில்தான் சுத்தமாக உட்காரும். மூலையும் முனையுமாக இருக்கும் வடிவங்களை வெட்டி ஓரத்தைச் சுட்டு எடுக்க வேண்டும், அது நாளாவட்டத்தில் பிசிறு விடும். பேட்ச்சின் பின்புறம் என்ன ஒட்ட வேண்டும் என்ற கேள்வியில்தான் இவர்களுக்கு வண்டியோட்டிகளோடு பழக்கம் இருப்பது புரிந்தது. மழை புகாத ஜாக்கெட்டில் ஊசி போட்டால் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும், இஸ்திரி போட்டு ஒட்டும் பசையோ மெஷ் ஜாக்கெட்டின் செயற்கை இழையைப் பொசுக்கிவிடும் என்று சொல்லி, பாதிப் பேட்ச்சுகளை வெல்க்ரோவோடும் பாதியைத் தைப்பதற்கு ஏற்றாற்போலவும் செய்யச் சொன்னார்கள். அப்படியே செய்தோம். ஜாக்கெட்டை மாற்றினாலும் வெல்க்ரோ பேட்ச் கூடவே வந்துவிடுகிறது.

தமிழ் எழுத்து விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தமிழில் பெயர் போட நினைக்கும் எந்தக் கிளப்பும் இந்த இடத்தில் தடுமாறாமல் போக முடியாது. பேட்ச்சின் அடிப்பகுதியில் ‘கொங்கு நாடு’ என்று எழுதச் சொல்லியிருந்தோம். ஒப்புதலுக்கு வந்த படத்தில் அது ‘காெங்கு நாடு’ என்று இருந்தது. கொம்பு முன்னே நிற்க வேண்டிய இடத்தில் கால் வந்து நின்றதைப் படம் வரைந்த இளைஞர் கவனிக்கவே இல்லை. வரைகலை மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒருங்குறி (யூனிகோடு) எழுத்தை ஒட்டினால் கொம்புகள் இப்படித்தான் இடம்பெயரும். அதைத் தவிர்க்கப் பல அச்சகங்கள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கின்றன. அப்படிச் செய்தால் அச்சுக்குச் சரியாக வரும், ஆனால் அதே சொல்லை இணையதளத்துக்கு எடுத்துப் போனால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். இரண்டு இடத்திலும் ஒரே கோப்பைப் பயன்படுத்த வேண்டும் என்றால், ஒருங்குறியில் சரியாக அமைத்து, அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிவிடுவதே வழி. இரண்டாவது முறை அப்படித்தான் செய்தார்கள்.

எழுத்து சரியான பிறகு நூல் சிக்கல் வந்தது. தையல் இயந்திரத்தில் 5 மில்லிமீட்டருக்குக் குறைவான உயரத்தில் எழுத்தைப் போட்டால் தமிழின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ‘ங்’ மேலுள்ள புள்ளி முதல் மாதிரியில் எழுத்தோடு ஒட்டி ஒரு கட்டியாக நின்றது, ‘கொ’வின் கொம்பு முழுவதுமாக நிரம்பிப்போனது. நிறுவனத்தார் இதை மறைக்காமல் தாங்களே எடுத்துக்காட்டி, பேட்ச்சின் விட்டத்தை ஓர் அங்குலம் கூட்டி, புள்ளிகளை எழுத்திலிருந்து சற்றே உயர்த்தி, இழைகளை மெல்லிய நூலுக்கு மாற்றித் தந்தார்கள். இறுதிப் பேட்ச்சை இரண்டடி தூரத்திலிருந்து பார்த்தாலும் ‘கொங்கு’ கொங்காகவே தெரிகிறது.

இந்த நிறுவனம் உண்மையிலேயே ஒளிரும் இடம் சட்டை. திருப்பூர் ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பதன் பலன் இது. 160, 180, 220, 240 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) என்று துணியின் கனத்தை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் நான்கையும் மேசையில் விரித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். 240 கனமான துணி கையில் எடுத்தவுடன் விலை உயர்ந்ததாகத் தோன்றும், ஆனால் கோடையில் ரைடிங் ஜாக்கெட்டுக்குள் அதைப் போடுவது தண்டனை. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய காம்ப்டு காட்டனில் 180, நொதியால் பிசிறு நீக்கும் பயோ வாஷ் செய்தது, கழுத்துக்கு லைக்ரா கலந்த ரிப் என்று முடிவானது. பலமுறை துவைத்தும் கழுத்து தொய்யவில்லை. நீளத்தில் மட்டும் சற்றே சுருங்கியது, அதை முன்கூட்டியே சொல்லி அளவைக் கூட்டித்தான் வெட்டியிருந்தார்கள்.

முதுகு முழுவதும் பெரிதாகச் சின்னம் வேண்டும் என்பது எங்கள் விருப்பம். அதைக் கேட்ட அச்சுப் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, “ஏனுங்ண்ணா, இத்தாம் பெரிய ரப்பர் பிரிண்ட்ட முதுகுல போட்டுட்டு ஜாக்கெட்டும் மாட்டுனா வெந்து போயிருவீங்க” என்றார். சரியான பேச்சு. ரப்பர், பிளாஸ்டிசால் வகை மைகள் துணியின் மேல் ஒரு படலமாகவே உட்காருவதால் வியர்வை அந்த இடத்தில் வெளியேற வழியில்லை. பெரிய அச்சாக இருந்தால் சில மாதங்களில் மடிப்புகளில் வெடிப்பும் விழும். அவர் பரிந்துரைத்தது டிஸ்சார்ஜ் பிரிண்ட். சாயமேற்றிய பருத்தித் துணியில் அச்சு விழும் இடத்திலுள்ள சாயத்தை நீக்கி, அங்கே வேறு நிறத்தை ஏற்றும் முறை அது. கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, காற்றும் தடைபடாது. பருத்தியில் மட்டும்தான் அது எடுபடும், அதிலும் சாயம் அதற்கேற்ற வகையாக இருக்க வேண்டும். நிறமும் பளிச்சென்று இல்லாமல் சற்றே மங்கலாகத்தான் வரும். திரையில் தீப்பிழம்பாகத் தெரிந்த எங்கள் ஆரஞ்சு, துணியில் செங்கல் நிறமாக வந்ததில் சிலருக்கு மனக்குறை உண்டு. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. பழைய வண்டியின் சாயத்தைப் போல நிதானமாக இருக்கிறது. நிறம் அப்படியே வேண்டும் என்று கேட்பவர்கள் திரையைக் காட்டிப் பேசாமல், நிறத்தைத் துல்லியமாகக் குறிக்கும் பான்டோன் எண்ணைக் குறிப்பிட்டு, துணியில் அச்சிட்ட மாதிரியைப் பார்த்த பிறகே ஒப்புதல் தர வேண்டும். இவர்கள் மாதிரி காட்டுகிறார்கள், ஆனால் நாம் கேட்டால்தான் காட்டுகிறார்கள்.

எண்ணிக்கை குறைவாக இருந்தால் டிஸ்சார்ஜ் கட்டுப்படியாகாது, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சுத் திரை செய்ய வேண்டும். பத்துப் பதினைந்து சட்டைகளுக்கு, படலத்தில் அச்சிட்டுச் சூட்டால் துணியில் ஒட்டும் டி.டி.எஃப். முறையே போதும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எவ்வளவு சட்டை அடிப்பது என்பதற்கும் அவர்கள் தந்த யோசனை நன்று: முன்பதிவு எடுத்து, யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கிய பிறகே துணியை வெட்டுவது. நடுத்தர அளவுகள் தீர்ந்துபோய், மிகச் சிறியதும் மிகப் பெரியதும் பொருளாளர் வீட்டு அலமாரியில் கிடந்து மட்கும் வழக்கமான கதை இதனால் எங்களுக்கு நேரவில்லை.

ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேலே லேமினேஷன் போட்ட வினைல், வெயிலிலும் பெட்ரோல் சிந்தினாலும் தாங்குகிறது. எண் பலகையில் பதிவெண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்ற விதியை மனத்தில் வைத்து, பலகைக்கு ஏற்ற நீளவாக்கு அளவையே தவிர்த்து, டேங்க்கின் பக்கவாட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் மட்டும் இரண்டு அளவுகள் தந்தார்கள். சாவிக்கொத்து சுமார் ரகம். காபிக் கோப்பை வேண்டவே வேண்டாம்.

இணையதளம் வேறு கதை. முதல் வரைவின் முகப்பில், வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை டிரோனில் எடுத்த காணொளி தானாக ஓடியது. அலுவலகத்தின் பெரிய திரையில் பார்க்கும்போது மயிர்க்கூச்செறியும். ஆனால் எங்கள் உறுப்பினர் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போகும் இடம் காரவள்ளி அடிவாரத் தேநீர்க் கடையாக இருக்கும். கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏறத் தொடங்குமுன் சந்திக்கும் இடமும் நேரமும் அவருக்குத் தெரிய வேண்டும், அலைபேசியிலோ ஒரு கோடு சிக்னல்தான் இருக்கும். அந்த நேரத்தில் காணொளி எதற்கு? கொல்லிமலைப் பயணப் பக்கத்தைத் திறந்தால் முகப்பு, படத்தொகுப்பு, எழுத்துருக்கள் என்று எல்லாமும் இறங்கி முடிந்த பிறகே நேரமும் இடமும் தெரிந்தன. காணொளியை எடுத்துவிட்டு நிழற்படம் ஒன்றைச் சுருக்கி வைக்கவும், பயணப் பக்கங்களில் எழுத்தை முதலிலும் படங்களைக் கடைசியிலும் வரச் செய்யவும் நாங்கள் பலமுறை பேச வேண்டியிருந்தது. இதை வடிவமைப்பாளரே யோசித்திருக்க வேண்டும். துணியில் காட்டிய அக்கறையில் பாதியை இங்கே காட்டியிருந்தால் போதும்.

தமிழ்ப் பக்கங்களின் எழுத்துருத் தேர்வு நன்றாக இருக்கிறது. தலைப்புக்குக் கட்டமரனும் உரைக்கு முக்தா மலரும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை, சிறிய திரையிலும் படிக்க முடிகிறது. ஆனால் பொத்தான்களை ஆங்கிலச் சொற்களின் அகலத்துக்கு அளவெடுத்து வைத்ததால், ‘பதிவு செய்யுங்கள்’ என்ற சொற்றொடரின் கடைசி இரண்டு எழுத்துகள் பொத்தானுக்கு வெளியே தொங்கின. சிறு குறைதான், எனினும் தமிழ்ப் பக்கத்தை அலைபேசியில் ஒரு முறையாவது திறந்து பார்த்தவர் எவரும் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்.

கடுமையாகக் கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவரின் பெயர், படம், வண்டி ஆகியவற்றோடு ரத்த வகையையும் அவசரத் தொடர்பு எண்ணையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். விபத்து நேர்ந்தால் உதவும் என்பது அவர்கள் சொன்ன காரணம். விபத்து நடந்த இடத்தில் யாரும் கிளப்பின் இணையதளத்தைத் தேடிக்கொண்டிருக்கப் போவதில்லை. அந்தத் தகவல் சட்டைப் பையிலும் ஹெல்மெட்டின் உள்பக்கத்திலும் பயணத் தலைவரின் கையிலும் இருந்தால் போதும். மனைவியின் எண்ணும் தாயாரின் எண்ணும் தேடுபொறியில் அகப்படும்படி கிடப்பது எந்த வகையில் நியாயம்? தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டமே வந்துவிட்ட நாட்டில் இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சொன்ன அன்றே நீக்கிவிட்டு, பொறுப்பாளர்கள் மட்டும் கடவுச்சொல்லோடு பார்க்கும் பக்கத்துக்கு மாற்றினார்கள்.

அவர்கள் செய்ததிலேயே மிகவும் பயன்பட்டது, முகப்பின் மேல் ஓரத்தில் உள்ள ஒரு சாதாரண அறிவிப்புப் பட்டை. பொறுப்பாளர் யாரும் அலைபேசியிலிருந்தே அதை மாற்றலாம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்த பிறகு வெளியூரிலிருந்து எங்களோடு சேர்ந்துகொள்பவர்களுக்கு அதை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும்போது இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலை மூடப்படுவதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் இவை காலை வணக்கங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். பட்டையில் போட்டால் நிற்கிறது. பயணப் பாதையை, வரைபடச் செயலிகள் படிக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பாகத் தரவிறக்கும் வசதியும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்திலும் அலைபேசி வரைபடத்தில் பாதை தெரிகிறது, அதை அவர்களாகவே யோசித்துச் சேர்த்திருந்தார்கள்.

இணைய முகவரி யார் பெயரில் பதிவாகிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது நிறுவனத்தின் கணக்கில் பதிவாகியிருந்தது. கேட்டபோது சம்மதித்தார்கள், ஆனால் மாற்றித் தர வாரக்கணக்கில் இழுத்தார்கள். முகவரி, சர்வர் கணக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத, சின்னத்தின் வெக்டர் கோப்பு, தையல் இயந்திரத்துக்கான டி.எஸ்.டி. கோப்பு ஆகிய நான்கும் கிளப்பின் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைத் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம். டி.எஸ்.டி. கோப்பைப் பலர் தங்களிடமே வைத்துக்கொண்டு, அடுத்த முறை பேட்ச் அடிக்க மறுபடியும் தங்களிடமே வரச்செய்வது இந்தத் தொழிலில் வழக்கம். சின்னத்தின் பதிப்புரிமையைக் கிளப்புக்கே எழுதிக் கொடுத்ததில் மட்டும் இவர்கள் எந்தத் தயக்கமும் காட்டவில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை சின்னத்துக்கும் இணையதளத்துக்கும் சேர்த்து ரூ. 60,000-ஐ ஒட்டி ஆனது; சட்டை, பேட்ச் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. சட்டையின் விலை திருப்பூரில் நேரடியாகப் பேசினால் கிடைக்கும் விலையைவிடச் சற்று அதிகம்தான், ஆனால் துணி தேர்வதிலும் அச்சு மாதிரி பார்ப்பதிலும் அவர்கள் நமக்காக அலைவதை எண்ணினால் அது நியாயமான விலையே. ஆண்டுப் பராமரிப்புக்கு அவர்கள் கேட்டது இணையதளம் அமைத்ததற்கான கூலியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதற்கு ஈடாகக் கிடைத்த சேவையோ, மென்பொருள் புதுப்பிப்பு தாமதமாவதும், படிவம் ஒன்று வேலை செய்யாதபோது தொலைபேசியை எடுக்காததுமாகவே இருந்தது.

ஆகவே பராமரிப்பைப் புதுப்பிக்கவில்லை. கிளப்பில் கணினித் துறையில் இருக்கும் இரண்டு இளைஞர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆண்டுக்கான முழுக்கை ஜெர்சியை மட்டும் அதே நிறுவனத்திடமே கொடுத்திருக்கிறோம். பாலியஸ்டரில், சாயத்தைச் சூட்டால் இழைக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு, தோள்பட்டையில் வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை, அதே செங்கல் நிறம். துணி மாதிரி வந்துவிட்டது, அச்சு மாதிரி இன்னும் வரவில்லை.